திறப்பு விழா காத்திருக்கட்டும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலத்திட்டில் இருக்கிறது சீடர் பாயின்ட் பூங்கா. 1870-லிருந்து மக்கள் வந்துபோகும் இடம். 2024 மே 4 அன்று அங்கே ‘டாப் த்ரில் 2’ என்ற ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. உயரம் 420 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மணிக்கு 193 கிலோமீட்டர் வேகத்தில் செங்குத்தாக ஏறி, உச்சியைத் தாண்டி, அதே செங்குத்தில் இறங்கும் வண்டி. இதில் ஏறுவதற்காகவே ஆண்டுச் சீட்டு வாங்கியவர்கள், பல மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள் என்று கூட்டம் அலைமோதியது.

பத்து நாள்கூட அது ஓடவில்லை. வண்டிகளில் இயந்திர மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லி நிறுத்தினார்கள். அந்தக் கோடை முழுவதும் கோபுரம் சும்மா நின்றது. மறுபடி மக்களை ஏற்றியது 2025 மே 10-ல்.

வந்து ஏமாந்தவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அது தவறான நாளைக் குறிவைத்தது. மே மாதம் வண்டியை நிறுத்தியதற்காகப் பூங்காவைத் திட்டினார்கள். நிறுத்தியது சரியான காரியம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது: மக்கள் ஏறிய ஒரே வாரத்தில் தெரியவந்த குறை, மக்கள் ஏறுவதற்கு முன்பே ஏன் தெரியவில்லை?

இந்த இடத்தில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே கோபுரம் 2003-ல் ‘டாப் த்ரில் டிராக்ஸ்டர்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 15 அன்று, ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து ஓர் உலோகத் துண்டு கழன்று பறந்து, கீழே வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணின் தலையில் பட்டது. அவர் வண்டியில் ஏறக்கூட இல்லை; தன் முறை வருவதற்காகக் காத்திருந்தவர். பழைய ஏவும் முறையைக் கைவிட்டு, மின்காந்த விசையால் மூன்று முறை உந்தும் புதிய ஏற்பாட்டுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். இப்படியொரு வரலாறு உள்ள இடத்தில், சந்தேகம் வந்த கணத்தில் சாவியைத் திருப்பி நிறுத்துபவரை யாரும் குறை சொல்லக் கூடாது.

ரோலர் கோஸ்டர் கட்டும் வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தெரியும். தூண் எழும்பும், தண்டவாளம் வளையும், வண்ணம் பூசுவார்கள், முடிந்தது. உண்மையில் கண்ணுக்குத் தெரியும் வேலை முடியும்போதுதான் மிக முக்கியமான வேலை தொடங்குகிறது. முதலில் வண்டியைக் கயிறு கட்டி மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள். உட்கார்ந்திருப்பவர் கையையும் காலையும் எவ்வளவு நீட்ட முடியுமோ அந்த அளவுக்கு ஒரு சட்டம் செய்து வண்டியில் பொருத்தி, அது எந்தத் தூணிலாவது உரசுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு காலி வண்டி ஓடும். அதற்கும் பிறகு, தலையும் தோளுமாக, கை கால் இல்லாத பிளாஸ்டிக் பொம்மைகளில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு இருக்கையிலும் உட்காரவைத்துப் பட்டை மாட்டி அனுப்புவார்கள். நூற்றுக்கணக்கான சுற்றுகள். காலையில், உச்சி வெயிலில், இரவில், காற்றடிக்கும்போது.

ஏன் இத்தனை வேளைகளில் என்றால், ரோலர் கோஸ்டருக்கு வழிநெடுக எஞ்சின் கிடையாது. உயரத்தில் ஏற்றி விட்டதும், அல்லது ஒரு முறை உந்தி விட்டதும், மிச்ச தூரத்தை அந்த வேகத்தை வைத்தே கடக்க வேண்டும். குளிர்ந்த காலையில் சக்கரத்தின் கிரீஸ் கெட்டியாக இருக்கும்; வண்டி மெதுவாகப் போகும். எதிர்க்காற்று பலமாக இருந்தாலும் அப்படியே. வேகம் கொஞ்சம் குறைந்தால் அடுத்த மேட்டை ஏற முடியாமல் பின்னோக்கி உருண்டு, பள்ளத்தில் போய்த் தங்கிவிடும். அதனால்தான் ரயில் பாதையைப் போல இதையும் தொகுதி தொகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு தொகுதிக்குள் ஒரு வண்டிதான். முன்னே போன வண்டி வெளியேறிவிட்டது என்று உணரி சொல்லும்வரை பின்னே வருவதைக் கணினி விடாது.

பூங்கா திறப்பதற்கு முன் அதிகாலையில் பராமரிப்பு ஊழியர் செய்யும் வேலை ஒன்று உண்டு. நட்டை முறுக்கிய பிறகு, நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்திருப்பார்கள். கையில் டார்ச்சுடன் படிக்கட்டில் ஏறிப் போகிறவர் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே போவார். கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. கோடு நடுவில் விலகியிருந்தால் அதைச் சரிசெய்யும்வரை வண்டி ஓடாது. அவ்வளவு எளிய ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு கோடாகப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் திறப்பு நாள் அறிவிப்புகள் விழுங்கிவிடுகின்றன.

சொந்த வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்தாயிற்று. மணல் வரத் தாமதம், மழையில் பத்து நாள் போயிற்று, கொத்தனார் ஊருக்குப் போய்விட்டார். நாள் மட்டும் மாறாது. அப்போது எது குறையும்? கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றி நனைக்கும் நாட்கள் குறையும். யார் கண்ணுக்கும் தெரியாத வேலை அது. குறைத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பூங்காவிலும் நடப்பது இதுவே. அடித்தளத்தில் மழை, துறைமுகத்தில் சிக்கிய இரும்பு, தாமதமாக வந்த மின் இணைப்பு என்று எங்கே நாட்கள் வீணானாலும், கடன் எல்லாம் வரிசையின் கடைசியில் நிற்கும் சோதனை ஓட்டத்தின் தலையில்தான் விழுகிறது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் ‘ஸ்மைலர்’ கதையை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1 கோடியே 80 லட்சம் பவுண்டு செலவில், பயணிகளை 14 முறை தலைகீழாக்கி உலகச் சாதனை படைக்கக் கட்டப்பட்டது. 2013 மார்ச்சில் திறப்பதாக இருந்தது. முடியவில்லை. மே மாதத்துக்குத் தள்ளினார்கள்; அதிலும் சொன்ன நாள் தப்பி, மே 31-ல் திறந்தார்கள். ஜூலையில் தண்டவாளத்தின் இணைப்பு ஒன்று விலகியது தெரிந்து நிறுத்தினார்கள். நவம்பரில் சிறு சக்கரங்கள் கழன்று, முன்வரிசையில் இருந்தவர்கள் மேல் விழுந்தன. இத்தனையும் முதல் ஆண்டிலேயே.

2015 ஜூன் 2. காற்று பலமாக வீசிய நாள். கூட்டத்தைச் சமாளிக்க அன்று ஐந்தாவது வண்டியையும் பாதையில் சேர்த்திருந்தார்கள். ஆள் இல்லாமல் விட்ட சோதனை வண்டி ஒரு வளைவை ஏற முடியாமல் பின்னோக்கி வந்து பள்ளத்தில் நின்றுவிட்டது. கணினி தன் வேலையைச் சரியாகச் செய்தது: பின்னால் 16 பேருடன் வந்த வண்டியை மேட்டிலேயே நிறுத்தியது. பொறியாளர்கள் தங்களுக்குத் தெரிந்த வண்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருப்பதாகவும், கணினிதான் தவறாகச் சொல்வதாகவும் முடிவு செய்தார்கள். ஐந்தாவது வண்டி ஓடுவதே அவர்களுக்குத் தெரியாது. கட்டுப்பாட்டை மீறிக் கையால் வண்டியை விட்டார்கள்.

அது பள்ளத்தில் நின்றிருந்த காலி வண்டியில் மோதி, தரையிலிருந்து சுமார் 20 அடி உயரத்தில் சாய்ந்து நின்றது. சாரம் கட்டி, இரும்பை அறுத்து, எல்லாரையும் இறக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு இளம்பெண்களுக்கு ஆளுக்கொரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. 2016 செப்டம்பரில் ஸ்டாஃபர்ட் நீதிமன்றம் பூங்காவை நடத்தும் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. வண்டியைக் கையால் விட்ட ஊழியர் ஒருவர்மேல் பழியைப் போட்டு ஒதுங்கிவிட முடியாது, வேலை நடந்த முறையே பலவீனமானது என்பதுதான் அந்நாட்டின் பணிப் பாதுகாப்புத் துறையின் நிலைப்பாடு. பாதையில் கோளாறு வந்தால் யார் என்ன செய்ய வேண்டும், ஒருவர் செய்வதை மற்றவருக்கு எப்படித் தெரியப்படுத்த வேண்டும் என்பதற்கு உறுதியான ஏற்பாடு அங்கே இல்லை.

தாமதத்துக்கும் இந்த விபத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. இடையில் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் இரண்டிலும் ஒரே மனநிலை வேலை செய்வதைக் காணலாம். கணினி நிறுத்தினால் அதைத் தொந்தரவாகவும், நின்றிருக்கும் வண்டியை நஷ்டமாகவும் பார்க்கும் மனநிலை அது. வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்பு, திறப்பு நாளைக் குறித்து வரும் செய்திகள், மேலிடத்திலிருந்து வரும் தொலைபேசி எல்லாம் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன. எதிர்த்திசையில் இழுக்க எழுத்துபூர்வமான விதி இருந்தால் மட்டுமே அந்த ஊழியரால் நிற்க முடியும்.

அதே நேரத்தில், தள்ளிப்போட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ‘வெர்ருக்ட்’ என்ற நீர்ச்சறுக்கு. 168 அடி உயரம். உலகிலேயே உயரமானது என்ற பட்டத்துக்காகக் கட்டியது. சோதனையில் மணல் மூட்டைகள் படகிலிருந்து தூக்கி எறியப்பட்டன. ஒரு பகுதியை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். திறப்பு நாள் திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2014 ஜூலை 10-ல் திறந்தார்கள். 2016 ஆகஸ்ட் 7 அன்று, அதில் சறுக்கிய 10 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். முறையான கணக்குப் போடாமல், செய்து பார்த்துத் திருத்தும் முறையிலேயே அதைக் கட்டினார்கள் என்றது குற்றப்பத்திரிகை. சாட்சியங்களை முன்வைத்த முறையில் தவறு இருந்ததால் 2019-ல் அந்த வழக்கு தள்ளுபடியானது. வழக்கு எப்படி முடிந்தாலும், சோதனையில் மூட்டை பறந்தது என்றால் வரைபடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

எல்லாத் தாமதமும் ஒரே வகை அல்ல என்பதைப் பூங்காக்களும் சொல்வதில்லை, செய்தி எழுதுபவர்களும் பிரித்துப் பார்ப்பதில்லை. புளோரிடாவில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ‘ட்ரான்’ கோஸ்டர் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. 2021-ல் வரவிருந்த பூங்காவின் பொன்விழாவுக்குள் தயாராகிவிடும் என்றார்கள். திறந்தது 2023 ஏப்ரல் 4-ல். அதே மாதிரி கோஸ்டர் 2016-லிருந்து ஷாங்காயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது பெரிதாக இல்லை. கொரோனா வந்து நின்றது. அதே மாநிலத்தில் ‘அயர்ன் குவாசி’ என்ற கோஸ்டர் 2020-ல் திறக்க வேண்டியது. பெரும்பாலும் கட்டி முடிந்த நிலையில் கிடந்து, 2022 மார்ச்சில்தான் ஓடியது. இவை பாதுகாப்புக்கான தாமதங்கள் அல்ல, கஜானாவின் தாமதங்கள். இன்னும் வினோதமானது இங்கிலாந்தின் ஃபிளமிங்கோ லேண்ட் பூங்காவில் 2022-ல் திறந்த ‘சிக்’. பத்து முறை தலைகீழாகும் இந்தக் கோஸ்டர் முதலில் பிரேசிலில் ஒரு பூங்காவுக்காகச் செய்யப்பட்டது. அங்கே கட்டப்படாமலே பல ஆண்டுகள் இரும்பாகக் கிடந்து, கடல் தாண்டி வந்து எழுந்து நின்றது.

சென்னைக்கும் இப்படி ஒரு காத்திருப்பு உண்டு. திருப்போரூர் அருகே 64 ஏக்கரில், 611 கோடி ரூபாயில் வொண்டர்லா பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. நிலத்தை வாங்கிப் போட்ட பிறகும் பல ஆண்டுகள் அங்கே வேலை தொடங்கவில்லை. உள்ளாட்சி கேளிக்கை வரியில் விலக்கு வேண்டும் என்று நிறுவனம் கேட்க, முடிவு இழுத்துக்கொண்டே போனது. இடையில் அதே நிறுவனம் ஹைதராபாத்தில் 2016-லும் புவனேஸ்வரத்தில் 2024-லும் பூங்காக்களைத் திறந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார் வடிவமைத்த, கால்கள் அந்தரத்தில் தொங்கப் பறக்கும் ‘தஞ்சோரா’ கோஸ்டர் இப்போது அங்கே ஓடுகிறது. காத்திருந்த அந்த ஆண்டுகளில் வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட சென்னைக் குழந்தைகளுக்கு அது நஷ்டம்தான். கோப்பு மேசையில் கிடக்கும் தாமதத்தைக் குறைக்க அரசும் நிறுவனமும் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓடட்டும். அந்த அவசரம் தூண் எழும்பிய பிறகு வேண்டாம்.

இதை எழுதக் காரணம் தாம்பரம் அருகே நடந்த ஒரு சம்பவம். 2016 மே மாதம், கோடை விடுமுறை நேரம். அங்கே ஒரு பூங்காவில் புதிதாக நிறுவிய ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் விட்டார்கள். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் பூங்காவின் ஊழியர்கள். ராட்டினம் உடைந்து விழுந்தது. ஓர் ஊழியர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். தண்ணீர் நிரப்பிய பொம்மைகள் உட்கார்ந்திருக்க வேண்டிய இருக்கை அது. மாதச் சம்பளத்துக்கு வந்தவர்களை அதில் ஏற்றியது எந்தக் கணக்கிலும் சேராது. 2025 மே இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உச்சியில் நின்றுபோனது. குழந்தைகள் உட்பட 30 பேருக்கு மேல் மணிக்கணக்கில் அந்தரத்தில் இருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள்தான் வந்து இறக்கினார்கள். உயிர் போகவில்லை என்று அன்றைக்கு எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டோம். அத்தோடு மறந்தும் போனோம்.

ஒஹாயோவில் ராட்டினங்களைச் சோதிக்கும் பொறுப்பு மாநில வேளாண் துறைக்கு இருக்கிறது. ஊர்ச் சந்தைகளிலும் வேளாண் கண்காட்சிகளிலும் ராட்டினம் சுற்றிய காலத்து ஏற்பாடு அது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் ஒரு வசதி உண்டு: யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரியும். 2021 விபத்தை விசாரித்ததும் அந்தத் துறைதான். இங்கிலாந்தில் வடிவமைப்பை ஒருவர் சரிபார்க்க வேண்டும், கட்டியது வடிவமைப்பின்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முதல் ஓட்டத்துக்கு முன் சோதிக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று படிகள் உண்டு. நம் ஊரில் ஒரு தாய் தன் பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றும்போது, இதை யார், என்றைக்குச் சோதித்தார்கள் என்று கேட்டால் டிக்கெட் கவுன்டரில் இருப்பவரால் பதில் சொல்ல முடியுமா?

பூங்காக்கள் செய்யக்கூடியது கடினமானதல்ல. சோதனை ஓட்டம் முடியும் முன்பே தேதி சொல்ல வேண்டாம். பருவத்தைச் சொன்னால் போதும். தள்ளிப்போனால், ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ என்ற வழக்கமான வரிக்குப் பின்னால் ஒளிய வேண்டாம். சக்கரம் சரியில்லை என்றால் சக்கரம் சரியில்லை என்று சொல்லலாம். மக்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். அந்த ஒரு கோஸ்டரை நம்பிச் சீட்டு வாங்கியவருக்குப் பணத்தையோ இன்னொரு நாளையோ கேட்காமலே கொடுக்கலாம். அரசின் பங்கு அதைவிடப் பெரியது. சுமை சோதனை முடியும் முன்பு ஊழியர் உட்பட எந்த மனிதரையும் ஏற்றக் கூடாது என்பதைச் சட்டமாக்கி, மீறினால் உரிமத்தை எடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு நாள் கேட்டு வரும் நிறுவனத்திடம், சோதனை அறிக்கை எங்கே என்று முதலில் கேட்பது அமைச்சர் அலுவலகமாக இருக்கட்டும்.

ஸ்மைலர் 2016 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது சில மாற்றங்கள் வந்திருந்தன. கணினி நிறுத்திய வண்டியை மூத்த அதிகாரி ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் யாரும் கையால் விட முடியாது என்பது அவற்றில் ஒன்று. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். 2013-ல் திறப்பு நாளை மாற்றி மாற்றிக் குறித்துக்கொண்டிருந்தபோது இந்த விதியை எழுதிவைக்க அரை நாள் போதுமானதாக இருந்திருக்கும்.

எல்லாப் பூங்காவிலும் வரிசையின் முகப்பில் ஓர் அளவுகோல் நிற்கிறது. குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை ஒட்டி, குதிகால் தூக்காமல் நின்று காட்டுகிறார்கள். ஒரு விரல்கடை குறைந்தாலும் ஊழியர் திருப்பி அனுப்பிவிடுகிறார், அழுதாலும் விடுவதில்லை. அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வேண்டும். இந்த வண்டி எத்தனை சுற்று சுமையோடு சோதிக்கப்பட்டது, கடைசியாக என்றைக்கு, கையெழுத்திட்ட பொறியாளர் யார் என்று தமிழில், பெரிய எழுத்தில், வரிசையில் நிற்பவர்கள் படிக்கும்படி.